விலை ஏறியதா, சேர்ந்து ஏற்றினார்களா? மைசிசி என்ன செய்யும், என்ன செய்யாது

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு 12 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 14 வெள்ளியானால், கல்லாவில் பணத்தை நீட்டிக்கொண்டே யாராவது ஒருவர் முணுமுணுப்பார்: “இதையெல்லாம் மைசிசியில போட்டுவிடணும்.” வியாபாரத்தில் போட்டியைக் காக்கும் மலேசிய அரசு ஆணையம் அது. அங்கே புகார் போட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. சாப்பாட்டை 14 வெள்ளிக்கு விற்பது போட்டிச் சட்டப்படி குற்றமே இல்லை. 20 வெள்ளிக்கு விற்றாலும் இல்லை. கட்டுப்படியாகாதவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். அந்தப் பயம்தான் கடைக்காரரின் கையைப் பிடித்து நிறுத்தும் என்பது சட்டத்தின் கணக்கு.

அதே தெருவில் ஆறு கடைக்காரர்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் எழுதுகிறார்: “முதல் தேதியிலிருந்து சாப்பாடு 14. யாரும் குறைச்சுக் கொடுக்காதீங்க.” கீழே வரிசையாக ஐந்து கட்டைவிரல்கள். ஏறியது அதே 2 வெள்ளிதான். ஆனால் இது குற்றம். அடுத்த கடைக்குப் போனாலும் 14 என்றால், வாடிக்கையாளர் போவதற்கு இடமில்லை. விலை எவ்வளவு என்பதை மைசிசி பார்ப்பதில்லை. அதை யார் யார் சேர்ந்து முடிவு செய்தார்கள் என்பதைத்தான் பார்க்கும்.

இந்த ஒரு வேறுபாடு பிடிபட்டால் மற்றதெல்லாம் எளிது.

ஆணையமும் சட்டமும்

முழுப்பெயர் மலேசியப் போட்டி ஆணையம். மலாயில் சுருஹான்ஜாயா பெர்சாயிங்கான் மலேசியா. பேச்சு வழக்கில் எல்லாருக்கும் மைசிசி. 2010-இல் இரண்டு சட்டங்கள் வந்தன. 713-ஆம் சட்டம் ஆணையத்தை உருவாக்கியது. அது கையாளும் விதிகள் 712-ஆம் சட்டமான போட்டிச் சட்டத்தில் இருக்கின்றன. வியாபாரிகள் பழகிக்கொள்ளட்டும் என்று அவகாசம் விட்டு, 2012 ஜனவரி 1 முதல் போட்டிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தலைமையகம் கே.எல். சென்ட்ரலில், மெனாரா எஸ்.எஸ்.எம். கட்டடத்தில். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து நடந்தே போய்விடலாம்.

சட்டம் தடுப்பது முக்கியமாக இரண்டு காரியங்களை. 4-ஆம் பிரிவு: போட்டியைக் கெடுக்கும் உடன்பாடுகள். 10-ஆம் பிரிவு: சந்தையில் ஆதிக்கம் பெற்றவர் அந்த ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்துவது. பெரிய நிறுவனங்களுக்குத்தான் இந்தச் சட்டம், நம் மாதிரி சிறு கடைகளுக்கு இல்லை என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது தவறு. 10-ஆம் பிரிவு பெரியவர்களுக்கானது, சரி. 4-ஆம் பிரிவு தெருமுனைக் கடைக்கும் பொருந்தும். சட்டத்துக்கு வெளியே நிற்கும் சில துறைகள் உண்டு: தொலைத்தொடர்பு, எரிசக்தி, விமானப் போக்குவரத்து போன்றவற்றுக்குத் தனிச் சட்டங்கள் உண்டு. ‘சிறு வியாபாரம்’ என்று ஒரு விலக்கு எங்கும் எழுதப்படவில்லை.

பூ, ஐஸ், டியூஷன்

4-ஆம் பிரிவில் நான்கு செயல்கள் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன. போட்டியாளர்கள் சேர்ந்து விலையை நிர்ணயிப்பது, சந்தையை ‘உனக்கு அந்தப் பக்கம், எனக்கு இந்தப் பக்கம்’ என்று பங்கு போடுவது, உற்பத்தியைக் குறைத்துத் தட்டுப்பாடு உண்டாக்குவது, குத்தகைகளில் (டெண்டர்) கூடிப் பேசிக்கொண்டு விலை கொடுப்பது. இந்த நான்கில் ஒன்று நடந்திருந்தால், ‘இதனால் யாருக்கு என்ன பாதிப்பு?’ என்ற கேள்விக்கே இடமில்லை. நோக்கமே தவறு என்று சட்டம் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது. விலையை ஏற்றலாம் என்று பேசினோம், கடைசியில் யாரும் ஏற்றவில்லை என்றாலும் தப்பிக்க முடியாது.

ஆணையத்தின் முதல் முடிவே ஒரு சங்கத்தைப் பற்றியதுதான். கேமரன் மலைப் பூ வளர்ப்பாளர் சங்கம் 2012-இல் தன் உறுப்பினர்களின் பூ விலை 10 விழுக்காடு ஏறும் என்று அறிவித்தது. சங்கம் என்றால் உறுப்பினர்களுக்காகப் பேசத்தானே வேண்டும் என்று அவர்கள் நினைத்திருக்கலாம். ஆனால் சங்கம் எடுக்கும் முடிவும் ‘உடன்பாடு’ என்றே சட்டத்தின் பொருள்விளக்கப் பிரிவில் எழுதியிருக்கிறது. சட்டம் புதிது என்பதால் அந்த முறை அபராதம் இல்லை. விலை முடிவைக் கைவிட்டு, இனிச் செய்ய மாட்டோம் என்று உறுதி தந்து, அதைப் பத்திரிகையிலும் வெளியிடச் சொன்னார்கள்.

அடுத்து வந்தவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. கோலாலம்பூர், சிலாங்கூர், புத்ராஜெயாவில் ஐஸ் தயாரிப்பவர்கள் 2014 ஜனவரி 1 முதல் ஒரே அளவில் விலையை ஏற்றினார்கள்: குழாய் ஐஸ் பை ஒன்றுக்கு 50 சென், பெரிய ஐஸ் கட்டிக்கு 2 ரிங்கிட் 50 சென். தே ஓ ஐஸ் விற்கும் கடைக்காரர் யாரிடம் கேட்டாலும் அதே ஏற்றம். 2015-இல் 24 நிறுவனங்களுக்குச் சேர்த்து 252,250 ரிங்கிட் அபராதம். 50 சென் சின்னத் தொகைதானே என்று தோன்றும். ஒரு நாளைக்கு 20 பை வாங்கும் கடைக்கு அது மாதம் 300 ரிங்கிட், ஒருநாள்கூட அடைக்காத கடை என்றால்.

இதைவிடச் சிறியதும் உண்டு. சுபாங் ஜெயாவில் ஏழு டியூஷன், பிள்ளை பராமரிப்பு நிலையங்கள் கட்டணத்தைக் கூடிப் பேசி நிர்ணயித்ததற்காக மொத்தம் 33,000 ரிங்கிட்டுக்குச் சற்று மேல் அபராதம் விதிக்கப்பட்டன. மறுமுனையில், 2023 டிசம்பரில் கோழித் தீவனம் தயாரிக்கும் ஐந்து நிறுவனங்களுக்கு 41 கோடியே 55 லட்சம் ரிங்கிட் அபராதம் அறிவிக்கப்பட்டது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. தீவனம் நமக்கு எங்கேயோ இருக்கும் விஷயம் போலத் தெரியும். கோழி வளர்க்கும் செலவில் பெரும்பங்கு அதுதான். அங்கே ஏறுவது நாசி கண்டார் தட்டு வரைக்கும் இறங்கி வரும்.

குழுவில் அந்தச் செய்தி வந்துவிட்டது. இப்போது?

சிக்கிக்கொள்பவர்களில் பலர் எதிலும் கையெழுத்துப் போட்டவர்கள் அல்லர். கையெழுத்து தேவையே இல்லை. போட்டியாளர்கள் ஒருவருக்கொருவர் எண்ணத்தைத் தெரிவித்துக்கொண்டு, அதன்படி நடந்தாலே போதும். ‘நான் பதில் போடவில்லை, படித்தேன், அவ்வளவுதான்’ என்ற வாதம் பலவீனமானது. படித்துவிட்டு முதல் தேதியன்று நீங்களும் 14 போட்டீர்கள் என்றால், அந்த மௌனம் சம்மதமாகத்தான் படிக்கப்படும்.

எனவே செய்தி வந்தவுடன் எழுத்தில் விலகுங்கள். ஒரு வரி போதும்: “என் கடை விலையை நானே முடிவு செய்துகொள்கிறேன். இந்தப் பேச்சில் நான் இல்லை.” அதைப் படம்பிடித்து வைத்துக்கொண்டு குழுவிலிருந்து வெளியேறுங்கள். நேரடிக் கூட்டம் என்றால், ஆட்சேபத்தைக் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். கிளம்பிய நேரமும் குறிப்பில் இருக்கட்டும். தேநீர் இடைவேளை வரை உட்கார்ந்திருந்து நழுவுவது விலகல் ஆகாது. செய்திகளை அழிக்காதீர்கள். அழிப்பதே தனிக் குற்றமாகலாம், அதோடு மற்ற ஐந்து கைப்பேசிகளிலும் அது இருக்கத்தானே போகிறது.

இன்னொன்றை யாரும் சொல்லித் தருவதில்லை. உங்களுக்கும் உண்மையிலேயே விலையை ஏற்ற வேண்டியிருக்கலாம். அரிசி, கோழி, எரிவாயு, வாடகை, ஆள் சம்பளம் எல்லாம் ஏறியிருக்கும். தாராளமாக ஏற்றுங்கள். ஆனால் எப்படி அந்த விலைக்கு வந்தீர்கள் என்பதற்கு ஒரு தாள் இருக்கட்டும். போன மாத ரசீதுகள், இந்த மாத ரசீதுகள், ஒரு சாப்பாட்டுக்கு எவ்வளவு ஆகிறது என்ற கணக்கு, மேலே தேதி. அடுத்த கடை விலைப் பலகையைப் பார்த்து அதற்கேற்ப விலை வைப்பதும் குற்றமல்ல. பலகை எல்லாரும் பார்க்க வெளியில்தான் தொங்குகிறது. பலகை மாறும் முன்பே அதில் என்ன வரப்போகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் பிரச்சினை.

சங்கங்கள் என்ன பேசலாம்? அந்நியத் தொழிலாளர் அனுமதி, சுகாதார விதிகள், உரிமம், அரசாங்கத்திடம் மனு, எதையும் பேசலாம். ‘செலவு ஏறிவிட்டது, தாங்க முடியவில்லை’ என்று பத்திரிகையில் சொல்லலாம். அதே அறிக்கையில் ‘ஆகவே 10 முதல் 15 விழுக்காடு விலை ஏறும்’ என்று ஒரு வரி சேர்த்தால் கதை மாறிவிடும். முடிதிருத்தும் நிலையம், உணவகம், நகைக்கடை என எந்தச் சங்கமானாலும் தலைவர்கள் நிருபரிடம் பேசும்போது நாக்கு தவறும் இடம் இந்த ஒரு வரிதான்.

பினாங்குக் கொள்கலன்கள்

போட்டியாளர்கள் நேரடியாக உட்கார்ந்து பேசாமலும் கூட்டு உருவாகும் என்பதற்குப் பினாங்கிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. துறைமுகத்தைச் சுற்றியுள்ள கிடங்குகளில் வெற்றுக் கொள்கலன்களைப் போட்டு வைப்பார்கள். கொள்கலனை விட வரும் அல்லது எடுக்க வரும் லோரி நிறுவனம் வாசலில் ஒரு கட்டணம் கட்ட வேண்டும். அது 5 ரிங்கிட்டாக இருந்தது. நான்கு கிடங்கு நிறுவனங்கள் ஒரே கணினி நிறுவனத்தின் முன்பதிவு முறைக்கு மாறின. மாறியபோது நான்கிலும் கட்டணம் 25 ரிங்கிட் ஆனது. லோரிக்காரர்களுக்குக் கொடுத்த தள்ளுபடிகூட நான்கிலும் ஒன்றுதான், 5 ரிங்கிட்.

கணினி நிறுவனம் கிடங்கு நடத்துவதில்லை. அது யாருக்கும் போட்டியாளர் இல்லை. ஆனால் சக்கரத்தின் நடுக்குடம் போல நின்று ஒவ்வோர் ஆரக்காலுடனும் அது தனித்தனியாக விலை பேசினால், ஆரக்கால்கள் நான்கும் ஒன்றோடொன்று பேசியதற்குச் சமம். 2016-இல் கணினி நிறுவனம் உட்பட ஐந்து தரப்புக்கும் சேர்த்து 645,774 ரிங்கிட் அபராதம் விதித்தது ஆணையம். ‘புதிய முறையால் வேலை வேகமாகிறது’ என்பது உண்மையாகவே இருக்கட்டும். அந்த வேகத்துக்கு எல்லாரும் ஒரே விலை வைக்க வேண்டிய அவசியம் என்ன?

நம் கடைகளில் இதே வடிவம் விநியோகிப்பாளர் வழியாக வரும். பினாங்கு லெபோ பாசாரில் ஒரு மளிகைக் கடைக்கு மசாலாத் தூள் போடும் நிறுவனம், ‘பரிந்துரைக்கும் விலை’ என்று உறையில் அச்சிடுவதில் பொதுவாகத் தவறில்லை. ‘இதற்குக் குறைத்து விற்றால் அடுத்த வாரம் சரக்கு வராது’ என்று விற்பனையாளர் சொல்லிவிட்டுப் போனால், பரிந்துரை கட்டளையாகிவிடுகிறது. குறைந்தபட்ச மறுவிற்பனை விலையைத் திணிப்பதை மைசிசி கடுமையாகவே பார்க்கிறது. அப்படி மிரட்டுபவர்கள் பெரும்பாலும் வாயால்தான் சொல்வார்கள், எழுத மாட்டார்கள். தேதி, நேரம், சொன்னவர் பெயர், சொன்ன வாசகம் ஆகியவற்றை அன்றே குறித்து வையுங்கள். சரக்கு நின்றுபோனால், நீங்கள் அனுப்பிய ஆர்டரும் வராமல்போன தேதியும் அந்தக் குறிப்புக்குச் சாட்சி.

‘இன்னும் ரெண்டு கொட்டேஷன் குடு’

பள்ளிக்கூடத்துக்குச் சாயம் பூச வேண்டும், அரசு அலுவலகத்துக்குக் கணினி வாங்க வேண்டும் என்றால் மூன்று கொட்டேஷன் கேட்பார்கள். வேலை தனக்குத்தான் என்று உறுதியானவர், நண்பரின் நிறுவனத் தாளில் இன்னும் இரண்டு கொட்டேஷன்களைத் தானே தயாரித்துக் கொடுப்பார். ஒன்று 500 வெள்ளி கூடுதல், மற்றது 900 வெள்ளி கூடுதல். இது ஊரறிந்த பழக்கம். ஊரறிந்தது என்பதாலேயே அது சின்ன விஷயம் என்று நினைத்துக்கொள்கிறோம். சட்டத்தின் கண்ணில் அது குத்தகை மோசடி. தாளைக் கொடுத்து உதவிய நண்பரும் அதில் பங்குதாரர்.

கண்டுபிடிக்கும் விதம் எளிது. மூன்று கொட்டேஷன்களிலும் ஒரே எழுத்துப்பிழை. ஒரே கூட்டல் தவறு. கோப்பின் பண்புகளைத் திறந்தால் மூன்றையும் உருவாக்கியவர் பெயர் ஒன்று. 2022-இல் கோலாலம்பூரிலுள்ள தேசியக் கலை, பண்பாடு, மரபுடைமைக் கழகமான அஸ்வாராவின் தகவல் தொழில்நுட்பக் குத்தகைகளில் கூடிப் பேசியதாக எட்டு நிறுவனங்களுக்கு 15 லட்சத்து 40 ஆயிரம் ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டது.

பெரியவர்கள் விஷயம்

10-ஆம் பிரிவைப் பற்றிச் சுருக்கமாகவே சொன்னால் போதும். பெரிதாக வளர்வது குற்றமல்ல. சந்தையில் 60 விழுக்காட்டுக்கு மேல் பங்கு இருந்தால் ஆதிக்கம் உண்டு என்பதற்கு அறிகுறி என்கின்றன ஆணையத்தின் வழிகாட்டிக் குறிப்புகள். அது இறுதி அளவுகோல் அல்ல. ஆதிக்கத்தை வைத்து மற்றவரை ஒடுக்கினால்தான் வழக்கு. அந்நியத் தொழிலாளர் வேலை அனுமதியை இணையத்தில் புதுப்பித்துக் கொடுத்த மைஇஜி நிறுவனம் அதோடு காப்புறுதியும் விற்றது. காப்புறுதியை வேறிடத்தில் வாங்கிக்கொண்டு வந்த முதலாளிகளுக்குக் கூடுதல் சரிபார்ப்பு, கூடுதல் அலைச்சல். வாசலும் அவர்களுடையது, வாசலுக்கு முன்னால் உள்ள கடையும் அவர்களுடையது என்றால் யாரை முதலில் உள்ளே விடுவார்கள்? 2016-இல் ஆணையம் விதித்த அபராதம் 22 லட்சத்து 70 ஆயிரம் ரிங்கிட். அதன்பின் வழக்கு நீதிமன்றங்களில் பல ஆண்டுகள் நடந்தது. 2021-இல் சுங்கத்துறை மின்னியல் சேவை தந்த டாகாங் நெட் நிறுவனம், மென்பொருள் நிறுவனங்களைத் தன்னோடு மட்டும் வேலை செய்யக் கட்டிப்போட்டதற்காக 1 கோடியே 3 லட்சம் ரிங்கிட் அபராதம் பெற்றது.

அபராதக் கணக்கு

உச்சவரம்பு, விதிமீறல் நடந்த காலத்தில் நிறுவனத்தின் உலகளாவிய விற்றுமுதலில் 10 விழுக்காடு. விற்றுமுதல் என்பதைக் கவனியுங்கள், இலாபம் அல்ல. மாதம் 80,000 ரிங்கிட் வியாபாரம் ஆகும் ஓர் உணவகம் 12 மாதம் அந்த ‘14 வெள்ளி’ ஏற்பாட்டில் இருந்தது என்று கொள்வோம். விற்றுமுதல் 960,000. உச்ச அபராதம் 96,000. ரிங்கிட்டுக்கு 10 சென் நிற்கும் கடை என்றால், அந்த ஆண்டின் இலாபம் மொத்தமும் போச்சு. எல்லா வழக்கிலும் உச்சம் வரை போவதில்லை. எத்தனை நாள் நீடித்தது, யார் தூண்டியவர், விசாரணைக்கு ஒத்துழைத்தாரா என்பதைப் பொறுத்து ஏறும் இறங்கும்.

கூட்டில் இருந்தவரே முதலில் வந்து ஒப்புக்கொண்டு விவரம் கொடுத்தால் அபராதத்தில் 100 விழுக்காடு வரை தள்ளுபடி உண்டு. இரண்டாவது, மூன்றாவதாக வருபவருக்குக் குறைவு. ஆறு பேர் கூட்டில் ஒவ்வொருவரும் மற்ற ஐந்து பேரைச் சந்தேகத்தோடு பார்க்க வைக்கும் ஏற்பாடு இது. சட்டம் எழுதியவர் வியாபாரிகளின் மனத்தை நன்றாகவே படித்திருக்கிறார்.

புகார் போன பிறகு

ஆணையத்தின் இணையத்தளத்தில் புகார்ப் படிவம் இருக்கிறது. யார்மீது புகார், என்ன பொருள் அல்லது சேவை, எந்த வட்டாரம், எப்போதிலிருந்து, எப்படித் தெரிய வந்தது, இவை ஐந்தும் தெளிவாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. புகார்கள் தோற்றுப்போவது பெரும்பாலும் ‘எல்லாரும் விலையை ஏற்றிவிட்டார்கள்’ என்று மட்டும் எழுதுவதால். ஒரே நாளில் தேதியிட்ட விலை ஏற்றக் கடிதங்கள் இரண்டு, ஒரே வாசகத்தில் இருந்தால், அவை பத்துப் பக்கப் புலம்பலுக்கு மேல். ஆதாரம் திரட்டுகிறேன் என்று அடுத்தவர் கைப்பேசியை எடுத்துப் பார்க்கவோ, கூட்டத்துக்குள் ஒளிந்து போகவோ வேண்டாம். அது அதிகாரிகளின் வேலை. புகார் கொடுத்தவரை மிரட்டுவதும் பழிவாங்குவதும் சட்டப்படி குற்றம்.

ஆணையம் விசாரிக்க முடிவெடுத்தால் ஆவணங்களைக் கேட்டுக் கடிதம் வரலாம், அல்லது மாஜிஸ்திரேட் ஆணையுடன் அதிகாரிகளே காலையில் வந்து நிற்கலாம். வந்தால் அடையாள அட்டையையும் ஆணையையும் பாருங்கள், அதில் எந்த முகவரி, எந்த நிறுவனம் என்று எழுதியிருக்கிறது என்று படியுங்கள். வழக்கறிஞரை அழையுங்கள். அவர் வரும்வரை கதவைத் தாழிட்டு வைத்திருக்க முடியாது. எடுத்துச் செல்லும் ஒவ்வொரு பொருளுக்கும் பட்டியல் கேட்டு வாங்குங்கள். கணினியை அணைப்பது, கோப்புகளைக் கிழிப்பது, மற்ற கடைக்காரருக்குத் தகவல் சொல்வது எல்லாம் ஆபத்து. தடை செய்யும் தனிநபருக்கு 10 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. விலையைப் பேசியதற்கு ஜெயில் இல்லை. அதை மறைக்கப் பார்த்தால் ஜெயில் உண்டு.

விசாரணை முடிந்ததும் முதலில் உத்தேச முடிவு வரும். அது தீர்ப்பு அல்ல. எழுத்திலும் வாய்மொழியாகவும் பதில் சொல்ல வாய்ப்புத் தருவார்கள். அதன்பிறகே இறுதி முடிவு. பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் போட்டி மேல்முறையீட்டு நடுவர் மன்றத்துக்குப் போகலாம். செய்தித்தாளில் ‘மைசிசி கோடிக்கணக்கில் அபராதம்’ என்று வந்தால் அதோடு முடிந்தது என்று எண்ண வேண்டாம். 2020-இல் பொதுக் காப்புறுதிச் சங்கமான பியாமின் 22 உறுப்பு நிறுவனங்களுக்கு 17 கோடி ரிங்கிட்டுக்கு மேல் அபராதம் விதிக்கப்பட்டது. வாகனப் பட்டறைகளுக்குக் கொடுக்கும் கூலியை மணிக்கு 30 ரிங்கிட் என்றும், உதிரிப் பாகங்களுக்கு இவ்வளவு தள்ளுபடி என்றும் சேர்ந்து நிர்ணயித்தார்கள் என்பது குற்றச்சாட்டு. நாட்டின் மத்திய வங்கியான தேசிய வங்கி சொல்லித்தான் உட்கார்ந்து பேசினோம் என்றது காப்புறுதித் தரப்பு. 2022-இல் நடுவர் மன்றம் அந்த முடிவை ரத்து செய்தது.

புகார் கொடுத்தவருக்குப் பணம் திரும்ப வருமா? மைசிசி வழியாக வராது. அபராதம் அரசாங்கக் கருவூலத்துக்குப் போகும். நஷ்டஈடு வேண்டும் என்றால் 64-ஆம் பிரிவின்கீழ் நீங்களே சிவில் வழக்குத் தொடர வேண்டும். சாதாரணப் பயனீட்டாளருக்கு அது கட்டுப்படியாகாது.

மற்ற வாசல்கள்

உங்கள் குறை, ஒரு கடைக்காரர் தனியாகச் செய்த அநியாயம் என்றால் வாசல் வேறு. விலைப் பட்டியல் வைக்காதது, தராசில் ஏமாற்றுவது, போலிச் சரக்கு, அநியாய இலாபம், தீபாவளிக் காலத்தில் உச்சவரம்பு விலைக்கு மேல் விற்பது, இவையெல்லாம் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் கையில். கே.பி.டி.என். என்றால் எல்லாருக்கும் தெரியும். 1-800-886-800 எண்ணில் அழைக்கலாம். அநியாய இலாபத்துக்கு எதிரான 2011-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தனிநபருக்கு 100,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது மூன்றாண்டு வரை சிறை, நிறுவனத்துக்கு 500,000 வரை. அதிகாரி வந்து பார்க்க வேண்டியது இருப்பதால் கடையின் சரியான முகவரி, நாள், நேரம், பொருளின் பெயர், எடை, விலை எல்லாம் தேவை.

பணத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்றால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம். வீட்டு உபயோகத்துக்கு வாங்கிய பொருள் அல்லது சேவையாக இருக்க வேண்டும். வியாபாரத்துக்கு வாங்கியதற்கு இங்கே இடமில்லை. கோரிக்கை 50,000 ரிங்கிட்டுக்கு மேல் போகக்கூடாது, மூன்றாண்டுக்குள் பதிய வேண்டும். கட்டணம் 5 ரிங்கிட். போராங் 1 என்ற படிவத்தை நிரப்பிக் கொடுத்தால், எதிர்த்தரப்பு 14 நாளுக்குள் போராங் 2-இல் பதில் தர வேண்டும். வழக்கறிஞர் வைக்க முடியாது, இரு தரப்பும் தாங்களே பேச வேண்டும். நடுவர் மன்றம் சொன்னதைச் செய்யாதவர் குற்றவாளியாகிறார்: 10,000 ரிங்கிட் வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். மலாயில் எழுதத் தடுமாறுபவர்களுக்குப் பினாங்கில் பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது. அங்கே தமிழிலேயே விவரம் சொல்லி ஆலோசனை கேட்கலாம்.

இந்த எல்லா வாசலிலும் முதலில் கேட்பது ரசீதைத்தான். இப்போது கடைகளில் தருவது பெரும்பாலும் சூட்டில் அச்சாகும் தாள். கார் டாஷ்போர்டில் போட்டு வைத்தால் சில வாரத்தில் வெளுத்து வெறும் தாளாகிவிடும், பிளாஸ்டிக் உறையில் பத்திரப்படுத்தினாலும் எழுத்து மங்கும். வாங்கிய அன்றே கடைப் பெயர், தேதி, தொகை மூன்றும் தெரியும்படி படம்பிடித்து, அந்தப் படத்தை உங்களுக்கே ஒரு மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள்.